அலமாரிக்குள் என்ன இருக்கிறது?



கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, வடக்கே ரவாங், கெர்லிங், களும்பாங் வரையில் உள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய வீடுகளிலும் இருந்து செவிமடுக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இன்று நம் பேச்சு ஒரு வீட்டுப் பொருளைப் பற்றியது. அதுதான் துணி அலமாரி.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் புறப்படுகிறோம். அலமாரிக் கதவைத் திறந்தால், மேல்தட்டில் இருந்து இரண்டு துணிகள் நம் தலையிலேயே விழுகின்றன. கீழ்த்தட்டில் கை நுழைய இடமில்லை. ஆனாலும் நம் வாயில் இருந்து வரும் சொல் என்ன? “உடுத்திக்கொள்ள ஒன்றுமே இல்லையே!” வீட்டுக்கு வீடு கேட்கிற சொல்தானே இது? இத்தனை துணி இருந்தும் ஏன் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது? இதைத்தான் இன்று நாம் சற்று நிதானமாகச் சிந்திக்கப் போகிறோம்.

நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்தபோது அலமாரி கொண்டு வரவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர் உண்டு. ஒரு மூட்டையோடு வந்தவரும் உண்டு. லயத்து வீட்டில் சுவருக்குச் சுவர் ஒரு கொடி கட்டியிருக்கும். கட்டுவது ஒன்று, கொடியில் காய்வது ஒன்று, பெட்டியில் இருப்பது ஒன்று. அந்தப் பெட்டிச் சேலை திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வெளியே வரும்.

அதன்பின் வந்தது ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இந்த நாட்டில் இறங்கியது. 1945 ஆகஸ்டு வரை அவர்களுடைய ஆட்சிதான். அரிசியைப் போலவே துணியும் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். கப்பல் நின்றது, துணியும் நின்றது. இருந்த துணி நைந்து கிழிந்ததும், மக்கள் சாக்கை வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டங்களில் இருந்து கொண்டு செல்லப்பட்ட நம்மவர் பலருக்குக் காட்டில் அந்தச் சாக்கும் கோவணமுமே உடையாயிற்று.

எங்கள் பாட்டி பத்தாங் பெர்சுந்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்த ஊருக்குத்தான் 2007 ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பாட்டி ஒரு கந்தையைக்கூட வீசமாட்டார். பித்தான் போன சட்டை, ஓரம் கிழிந்த கைலி, நிறம் போன பாவாடை எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார். “எடுத்து வை, நாளைக்கு ஆகும்” என்பார். சிறு பிள்ளைகளாய் இருந்த நாங்கள் சிரிப்போம். சாக்கு உடுத்திய உடம்புக்குத்தான் அந்தச் சொல்லின் பொருள் தெரியும் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஆதலால், துணியைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை அறியாமை என்று யாரும் எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். அது நம் குடும்பங்கள் பட்ட பாட்டில் இருந்து வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜப்பானியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே 1941 இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அது சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. கூலி உயர்வு மட்டுமே அவர்கள் கேட்டதல்ல. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. தொழிலாளர்கள் தலையில் காந்தி குல்லா அணிந்தார்கள். ஒரு முழத் துணிகூட வேண்டாத சின்னக் குல்லா அது. ஆனாலும் தோட்ட நிர்வாகங்களின் கண்ணை அது உறுத்தியது. ஏனென்றால், அது துரை கொடுத்ததல்ல. தொழிலாளி தானே தேர்ந்து தலையில் வைத்தது. மே மாதம் சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பித்துப் படையைக் கொண்டு அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் எதற்காகச் சொல்லுகிறோம்? துணி நமக்கு அற்பப் பொருளல்ல. அது இல்லாமல் தவித்திருக்கிறோம். அதனால் தலை நிமிர்ந்தும் இருக்கிறோம். ஆகவே, எதை உடுத்துவது, எதை வைத்துக்கொள்வது, எதை வாங்குவது என்று யோசிப்பது வேலையற்றவர் பேச்சு அல்ல.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லுகிறோம்.

எங்கள் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் ஒரு துண்டு, இதுதான் காட்டுக்குப் போகும் உடை. வீட்டில் இரண்டு கைலி மாறி மாறி வரும். கோயிலுக்கென்று வெளிர் நீலத்தில் சிறு பூப் போட்ட ஒரு பருத்திச் சேலை வைத்திருந்தார். தோட்டத்துக்கு மூட்டை கொண்டுவரும் துணிக்காரரிடம் அவரே பொறுக்கி எடுத்தது. அதைக் கட்டினால் அவர் நடையே வேறாக இருக்கும்.

நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர். வளர்ந்து வேலைக்குப் போனதும், ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மாவுக்குச் சேலை வாங்கினோம். சரிகை கனத்தது, கல் பதித்தது, கண்ணைப் பறிக்கும் நிறம், எல்லாம் வாங்கினோம். உண்மையைச் சொல்லப்போனால், அந்தப் பழைய நீலச் சேலையோடு அம்மா நாலு பேர் நடுவில் நிற்பது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஒவ்வொன்றையும் வாங்கி, தடவிப் பார்த்து, “நல்லா இருக்கு, நல்லதுக்குக் கட்டிக்கிறேன்” என்று சொல்லி உள்ளே வைப்பார். பிறகு நீலச் சேலையையே கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்.

அம்மா இறந்து முப்பதாம் நாள் காரியம் முடிந்தபின் அலமாரியைத் திறந்தோம். 31 சேலைகள் இருந்தன. அவற்றில் 14 சேலைகள் கடை மடிப்புக்கூடக் கலையாதவை. பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்த பட்டுச் சேலை ஒன்றை விரித்தோம். மடிப்பு மடிப்பாய் விட்டுப்போயிற்று. இன்னொன்றில் இராமபாணப் பூச்சி சல்லடையாகத் துளைத்திருந்தது. சரிகை கறுத்துக் கிடந்தது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தனை ஆண்டும் நாங்கள் அம்மாவுக்கு வாங்கவில்லை, ஊருக்கு வாங்கியிருக்கிறோம். “அம்மா, உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று ஒரு தீபாவளிக்கும் கேட்டதில்லை.

நேயர்களே, நம் அலமாரி நிறைவதற்கு இரண்டு குரல்கள் காரணம். ஒன்று பயத்தின் குரல். “எடுத்து வை, நாளைக்கு ஆகும்” என்கிறது. மற்றொன்று பகட்டின் குரல். “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்கிறது. முதல் குரல் வேண்டாததை வெளியே விடுவதில்லை. இரண்டாவது குரல் வேண்டாததை உள்ளே கொண்டுவருகிறது. உடுத்துகிற உடம்பும் மனமும் என்ன சொல்கின்றன என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

ஜப்பான் நாட்டில் மரியே கொண்டோ என்ற பெண்மணி, வீட்டைச் சீர் செய்வது பற்றி எழுதிய புத்தகம் 2014 இல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் விற்பனையானது. அவர் சொல்லும் முறை எளிது. முதலில் துணியில் தொடங்குங்கள். வீட்டில் உள்ள உங்கள் துணி முழுவதையும் ஓரிடத்தில் குவியுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். மனத்துக்கு மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்கிறார். அந்த அம்மையாரே மூன்றாவது பிள்ளை பிறந்தபின் தம் வீட்டு ஒழுங்கு சற்றுத் தளர்ந்துவிட்டது என்று 2023 இல் சொன்னார். ஆகவே, பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாம் அடுக்கி வைத்தாற்போல் இருக்கவில்லையே என்று நாம் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அவர் முறையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. கறை படிந்த வேலைச் சட்டை யாருக்கு மகிழ்ச்சி தரும்? அதற்காக அதை வீசிவிட முடியுமா? செம்பனை மட்டையின் முள்ளில் இருந்தும் கொசுவில் இருந்தும் நம்மைக் காப்பது அதுதானே! ஆதலால் நம் வீட்டுக்குத் தக்கபடி மூன்று கேள்விகளை வைத்துக்கொள்வோம். இது ஒரு வேலைக்கு உதவுகிறதா? இன்றைய உடம்புக்குச் சரியாக இருக்கிறதா? இதை உடுத்த மனம் வருகிறதா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் வேலைத்துணியில் சேரட்டும். மற்ற இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அலமாரிக்குள் போகட்டும். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அதற்கு நம் வீட்டில் இடமில்லை.

மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாயை விரித்துத் துணி முழுவதையும் குவியுங்கள். கொடியில் தொங்குவது, கட்டிலுக்கு அடியில் இருப்பது, பையில் முடிந்து வைத்தது எதுவும் விடுபடக்கூடாது. ரப்பர் வெட்டிய காலத்தில் பாலை வேறாகவும் கட்டிப்பாலை வேறாகவும் நிறுத்தோம் அல்லவா? கட்டிப்பாலையும் யாரும் வீசியதில்லை. அதற்கும் ஒரு விலை இருந்தது. அதேபோல் துணியையும் நான்காகப் பிரிப்போம். உடுத்துவது ஒன்று. தைத்தால் உடுத்தக்கூடியது ஒன்று. பிறருக்குக் கொடுக்கக்கூடியது ஒன்று. கந்தை ஒன்று.

இதில் ஒரு நியதி உண்டு. அவரவர் துணியை அவரவரே பிரிக்க வேண்டும். மாமியார் இல்லாத நேரம் பார்த்து அவர் மூட்டையை மருமகள் அவிழ்க்கக்கூடாது. மகள் பள்ளிக்குப் போனதும் அவள் சட்டையைத் தாய் யாருக்கும் தூக்கிக் கொடுக்கக்கூடாது. பெரியவர்கள் “இது இருக்கட்டும்” என்றால் இருக்கட்டும். அது எங்கே, எப்போது கட்டியது என்று கேளுங்கள். ஒரு கதை வரும். கதையைச் சொல்லி முடித்தபின், “சரி, கொடுத்துவிடு” என்று அவர்களே சொல்வதும் உண்டு.

தைக்கக்கூடியதை அன்றே ஊசி நூலோடு எடுத்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தைக்காவிட்டால், அதை உடுத்த நமக்கு மனமில்லை என்று பொருள். கந்தை என்றும் தள்ள வேண்டாம். நைந்த பருத்தி வேட்டியைப் போல் பச்சைக் குழந்தையின் உடம்புக்கு இதமானது வேறில்லை. தண்ணீரை நன்றாக உறிஞ்சுவதால் வீடு துடைக்கவும் பருத்திக் கந்தையே நல்லது. பாலியெஸ்டர் கந்தை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

கொடுப்பதைப் பற்றி ஒரு சொல். 2004 டிசம்பர் 26 ஆம் தேதி சுனாமி வந்தது. நம் நாட்டில் பினாங்கு, கெடா கரைகளும் பாதிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் கடற்கரை பேரழிவு கண்டது. இந்தியாவெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழந்துணி அங்கே வந்து இறங்கியது. கிழிந்தது, அழுக்கானது, மீனவர் உடுத்தும் வழக்கமே இல்லாதது எல்லாம் அதில் இருந்தன. வீடும் உறவும் இழந்து நின்ற அந்த மக்கள் அவற்றைத் தொடவில்லை. துணி சாலையோரங்களில் குவிந்து மண்ணோடு கிடந்தது. டில்லியில் 1999 இல் அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு அந்தத் துணிகளை எடுத்து, தரம் பிரித்து, பயன்படுத்தும் வேலையை மேற்கொண்டது. அன்ஷு குப்தாவுக்கு 2015 இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தச் சாலையோரக் குவியல் நமக்குச் சொல்வது என்ன? நம் வீட்டுக் குப்பையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு அதைத் தருமம் என்று சொல்லக்கூடாது. 2021 டிசம்பரில் நம் சிலாங்கூரிலேயே பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தில் எல்லாம் போனவர் நிலை நமக்குத் தெரியாததல்ல. ஆகவே துவைத்து, பித்தான் தைத்து, மடித்து, இன்ன அளவு என்று எழுதிக் கொடுப்போம். நம் பிள்ளைக்கு உடுத்திப் பார்க்க நாம் தயங்காத துணியையே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுப்போம்.

வைத்துக்கொண்ட துணியைப் பேணுவது அடுத்த வேலை. கடலும் ஆறும் சதுப்பும் சூழ்ந்த வட்டாரம் நமது. காற்றிலேயே ஈரம். இறுக்கி அடைத்த அலமாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? நன்றாகக் காய்ந்த துணியையே உள்ளே வையுங்கள். துணிக்குத் துணி காற்றுப் போக இடம் விடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து வையுங்கள். பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல், பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் ஆற்றி, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். இதை நாங்கள் அம்மாவின் அலமாரியில் கற்றோம்.

பாச்சை உருண்டை போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது. ஜி-6-பி-டி குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலீன் உருண்டையின் வாடை பட்டாலும் இரத்த அணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அது இருந்தால், அந்த உருண்டை வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

அதேபோல், மருந்து தெளிக்கப் போகும்போது உடுத்திய உடை ஒருபோதும் குடும்பத் துணியோடு சேரக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதைத் தனி வாளியில் போட்டுத் தனியாகத் துவைத்து, தனிக் கொடியில் உலர்த்தி, தனிப் பையில் வையுங்கள். களைக்கொல்லியான பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் மற்ற மருந்துகளும் நஞ்சுதான். தகப்பன் சட்டையில் வந்த நஞ்சு பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு ஏறக்கூடாது.

அலமாரி ஒழுங்காயிற்று. இனி வாங்குவதைப் பற்றிப் பேசுவோம். இங்கே கவனிக்காவிட்டால் இரண்டு தீபாவளியில் பழைய நிலைதான்.

கடைக்குப் போகுமுன் அலமாரிக்குப் போக வேண்டும். எந்தத் துணிகளை நாம் அடிக்கடி எடுத்து உடுத்துகிறோம் என்று பாருங்கள். அவை என்ன நிறம், என்ன துணி, எப்படித் தைத்தவை? கழுத்து எப்படி, கை எவ்வளவு நீளம்? நமக்கு உண்மையில் எது பிடிக்கும் என்பதற்கு அவையே சாட்சி. கடை விளக்கின் கீழே பளபளக்கும் துணி அந்த உண்மையைச் சொல்லாது. அதன்பின், எது குறைகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனாலும் சரி, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனாலும் சரி, பாசார் மாலாமுக்குப் போனாலும் சரி, பணப்பை நம் கட்டுக்குள் இருக்கும்.

விலையை வெள்ளியில் மட்டும் பார்க்காமல் உழைப்பில் பாருங்கள். 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று அரசாங்கம் நிர்ணயித்தது. மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 195 வெள்ளிச் சேலை என்றால் அது மூன்று நாள் உழைப்பு. மூன்று நாள் வெயிலும் மழையும் பட்டு வாங்கிய சேலை அலமாரியில் பூச்சிக்கு இரையாகலாமா?

இன்னொரு கணக்கும் உண்டு. 20 வெள்ளிச் சட்டை ஒன்று. பிடிக்காமல் வாங்கி, இரண்டே தடவை போட்டு ஒதுக்கிவிட்டோம். ஒரு தடவைக்கு 10 வெள்ளி ஆயிற்று. 60 வெள்ளிச் சட்டை ஒன்று. மனத்துக்குப் பிடித்து 60 தடவை போட்டோம். ஒரு தடவைக்கு 1 வெள்ளிதான். எது மலிவு? விலை உயர்ந்ததையே வாங்குங்கள் என்று இதற்குப் பொருளல்ல. பண்டல் கடையில் 10 வெள்ளிக்குக் கிடைக்கும் நல்ல பருத்திச் சட்டையை 50 தடவை போட்டால் அதைவிட மலிவு ஏது? எத்தனை தடவை உடுத்தப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

துணியைச் சோதிக்க வேண்டிய விதங்களையும் சொல்லிவிடுகிறோம். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். உட்புறம் திருப்பித் தையலை மெல்ல இழுத்துப் பாருங்கள். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மற்றத் துணியையும் அது கெடுக்கும். தைத்த உடை என்றால் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். நின்ற நிலையில் அழகாக இருந்தால் போதாது. நாம் கண்ணாடி முன் நிற்கிற பொம்மைகள் அல்லவே. பருத்தி வியர்வையை உறிஞ்சும், மெல்லக் காயும். பெட்ரோலியத்தில் இருந்து செய்யும் பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், கசங்காது. ஆனால் நம் வெயிலில் உடம்பு புழுங்கும். கலப்புத் துணியா என்று சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

இன்று கைப்பேசியிலேயே கடை வந்துவிட்டது. இரவு படுக்கையில் கிடந்தபடி விரலை அழுத்தினால் மூன்றாம் நாள் பொட்டலம் வாசலில். படத்தில் துணியின் கனத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே, பிடித்ததைக் குறித்து வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். ஒரு வாரம் கழித்தும் நினைவில் இருந்தால் வாங்கலாம். பெரும்பாலானவை மூன்றாம் நாளே மறந்து போகும். “இப்போது வாங்கு, பிறகு கட்டு” என்று தவணைக்கு அழைத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. தீபாவளித் துணியின் கடன் தைப்பூசத்தையும் தாண்டி வந்தால், அந்தத் துணியை உடுத்தும்போது மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

மிக மலிவாக விற்கும் துணியைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்வோம். 2013 ஏப்ரல் 24 ஆம் தேதி, வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் இருந்த தையல் ஆலைகளில் வேலை செய்த 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் இளம்பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு கண்டிருந்தும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். கூலிக்கு உழைத்த குடும்பங்கள் நாம். இன்னொரு கூலித் தொழிலாளி தைத்த சட்டையை இரண்டு தடவை போட்டு வீசுவது நமக்குத் தகுமா? குறைவாக வாங்கி நிறைய நாள் உடுத்துவது அந்தக் கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே வழிதான். எட்டு வயதுப் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போனால், நம் கைக்கு அடங்கிய விலையில் இரண்டு சட்டையை எடுத்து வைத்து, “இதில் எது உனக்குப் பிடிக்கிறது?” என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கப் பழகிய பிள்ளை பிறரைப் பார்த்து ஏங்காது. வளரும் பிள்ளைக்கு ஓரத்தில் மடிப்பு விட்டுத் தையுங்கள். ஆண்டுதோறும் பிரித்து நீட்டலாம்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றும் சொல்வார்கள். இரண்டும் நம் பெரியோர் சொல்தான். முதல் பழமொழியைக் கேட்டு அலமாரியை நிறைத்துவிட்டோம். இரண்டாவதையும் சேர்த்துக் கேட்டால், இருப்பதை மதித்து உடுத்தும் வழி தெரியும்.

எங்கள் அம்மாவின் 31 சேலைகளில் நல்லவற்றை உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தோம். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டோம். அலமாரியின் மேல்தட்டில், துவைத்து மடித்து, கைக்கு எட்டும்படி வைத்திருந்த அந்த வெளிர் நீலப் பருத்திச் சேலைதான் அது. எத்தனை ஆண்டு கட்டினாரோ, நிறமெல்லாம் போய் மேகம் போல் வெளுத்திருந்தது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு பேரப்பிள்ளை பிறந்தது. அந்தச் சேலையில்தான் தூளி கட்டினோம். பிள்ளை அதில் நன்றாகத் தூங்குகிறது.

நேயர்களே, இந்தத் தீபாவளிக்கு உங்கள் தாயாருக்குச் சேலை வாங்குவதாக இருந்தால், கடைக்குப் போகுமுன் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “அம்மா, உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும்? கனமாய் வேண்டுமா, இலேசாய் வேண்டுமா?” என்று கேளுங்கள். முதலில் “எனக்கு எதற்கு?” என்பார். விடாமல் மறுபடியும் கேளுங்கள். வாங்கி வந்த பிறகு, “நல்லதுக்கு எடுத்து வைக்க வேண்டாம் அம்மா, வருகிற வெள்ளிக்கிழமையே கட்டிக்கொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள்.